ஒரே அடுப்பு, நாலு தட்டு

வாசகர் கேள்வி - பதில்

ராத்திரிச் சாப்பாட்டில் உங்களுக்கு என்ன சிக்கல் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கடம்தான்: எடை குறைக்கச் சொல்லி டாக்டர் சொல்லிவிட்டார், வீட்டிலோ ஆளுக்கொரு ருசி, பிள்ளைகள் காயைத் தொடுவதில்லை, சமைக்கிறவளுக்குத் தனக்கென்று ஏதாவது செய்துகொள்ளத் தெம்பில்லை. எல்லாவற்றுக்கும் இங்கே இடம் போதாது, ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். முதல் பதில் நீளமாகிவிட்டது. அதில் இருப்பது மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

"அக்கா, எனக்கு 38 வயது. உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1 வந்திருக்கிறது, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, எடையைக் குறையுங்கள் என்கிறார் டாக்டர். வீட்டுக்காரருக்கு ராத்திரி சூடாகத் தோசை வேண்டும். பையனுக்கு 9 வயது, உருளைக்கிழங்கும் தயிர்சாதமும் தவிர எதுவும் இறங்காது. மகள் கீரையைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவாள். மாமியாருக்குப் பல் இல்லை, குழைவாக வேண்டும். எல்லோருக்கும் செய்து போட்டுவிட்டு, எனக்கு இரண்டு சப்பாத்தி அல்லது ஓட்ஸ் என்று மூன்று மாதமாக இருக்கிறேன். ஒரு கிலோ கூடக் குறையவில்லை. எங்கே தப்பு?"
- வாசகி, திருச்சி

உங்கள் மன உறுதியில் ஒரு குறையும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே ராத்திரியில் மூன்று சமையல் செய்கிற ஒருத்தி, நாலாவதாகத் தனக்கென்று ஒரு டயட் சமையலும் செய்து அதை மாதக்கணக்கில் ஓட்டுவது யாராலும் ஆகாத காரியம். அதனால் அந்த ஓட்ஸை நிறுத்துங்கள். இனி வீட்டுக்கு ஒரே சமையல், அதையேதான் நீங்களும் சாப்பிடப் போகிறீர்கள், யார் தட்டில் எது எவ்வளவு என்பது மட்டும் மாறட்டும்.

சரி, இரண்டே சப்பாத்தி சாப்பிட்டும் ஏன் குறையவில்லை? என்னிடம் ஆலோசனைக்கு வருகிற பெண்களிடம் நான் முதலில் கேட்பது, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் என்ன நடக்கிறது என்றுதான். மாவுப் பாத்திரத்தின் அடியில் ஒரு கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக மாவு நிற்கும். அதை ஃபிரிஜ்ஜில் வைக்கவும் தோன்றாது, கழுவி ஊற்றவும் மனம் வராது. விரலால் வழித்துக் கல்லில் விட்டால் கையகலத்தில் தடிமனாக ஒரு தோசை வரும், அதைச் சுற்றியும் பழக்கத்தில் ஒரு கரண்டி எண்ணெய் விழும். அப்புறம் பையன் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை, இரண்டு பிடி தயிர்சாதம், கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் தேங்காய்ச் சட்னி, எல்லாம் நின்றபடியே உள்ளே போய்விடும். இதை யாரும் சாப்பாடு என்று கணக்கில் சேர்ப்பதில்லை. கூட்டிப் பாருங்கள். எண்ணெயோடு ஒரு வீட்டுத் தோசை ஏறக்குறைய 120 முதல் 150 கலோரி, இரண்டு பிடி தயிர்சாதம் 100, சட்னி ஒரு 50. முந்நூறுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதாவது அந்த இரண்டு சப்பாத்திக்கு மேல் இன்னொரு ராத்திரிச் சாப்பாட்டையே நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

சோற்றை வீணாக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம், அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மிச்சம் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. பையன் தட்டில் முதலில் பாதித் தோசை மட்டும் வையுங்கள், கேட்டால் அடுத்த பாதி. வழித்த மாவுக்கென்று ஒரு சின்ன டப்பா ஃபிரிஜ்ஜில் இருக்கட்டும், இரண்டு நாள் சேர்ந்தால் வெங்காயம் போட்டு நாலு பணியாரம் ஆகும். அதைவிட முக்கியம், எல்லோரும் உட்காரும்போது நீங்களும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். தோசை நாளில் அது எப்படி முடியும் என்பீர்கள். இரண்டு கல் போட்டு முதலில் ஏழெட்டுத் தோசையைச் சுட்டு மூடி வைத்துவிட்டு உட்காரலாம், சூடாகத்தான் வேண்டும் என்கிற வீட்டுக்காரர் வாரத்தில் இரண்டு நாள் கரண்டியைப் பிடிக்கலாம். கேட்டுப் பாருங்கள், கேட்டதும் எழுந்து வந்த ஆண்கள் எனக்குத் தெரிந்தே பலர் உண்டு.

சப்பாத்தி என்றால் எடை குறையும் என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் வேர்விட்டிருக்கிறது. அரிசியோ கோதுமை மாவோ, வேகவைக்காமல் 100 கிராம் எடுத்தால் கலோரியில் இரண்டும் கிட்டத்தட்ட சமம்தான். கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் கூடுதல், அது உண்மை. ஆனால் எண்ணெய் தடவிய மூன்று சப்பாத்தியும் ஒரு கப் குருமாவும் சாப்பிடுவதற்குப் பதில், ஒரு கப் சோறும் நிறையக் காயும் மேல்.

எவ்வளவு காய் என்று கேட்பீர்கள். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குக் காயும் கீரையுமாக 400 கிராம், பழம் 100 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். நாம் கால் கிலோ பீன்ஸ் வாங்கி ஐந்து பேருக்குப் பொரியல் செய்கிறோம், தலைக்கு 50 கிராம். கரண்டி முனையில் கொஞ்சம் வைத்துவிட்டுக் காய் சாப்பிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். நீங்கள் கூட்ட வேண்டியது இதைத்தான், அதைக் கூட்டினாலே சோறும் தோசையும் தானாகக் குறையும்.

இப்போது உங்கள் வீட்டுத் தோசை நாளையே எடுத்துக்கொள்வோம். சாம்பாரில் தண்ணீரைக் குறைத்து, அரைக் கிலோ சுரைக்காயோ பரங்கிக்காயோ போட்டுக் கெட்டியாக வையுங்கள். ஏழு மணிக்கு, கல் அடுப்பில் ஏறும் முன்பே, வெள்ளரிக்காயும் கேரட்டும் நறுக்கி உப்பும் எலுமிச்சையும் தெளித்து நடுவில் ஒரு தட்டில் வைத்துவிடுங்கள், யாரையும் சாப்பிடு என்று சொல்ல வேண்டாம். நல்ல பசியில் இருக்கிற பிள்ளைகள் தோசை வரும்வரை சும்மா இருக்க மாட்டார்கள். உங்களுக்கு இரண்டு தோசை, அதில் ஒன்று முட்டைத் தோசை, ஒரு பெரிய கிண்ணம் காய் நிறைந்த சாம்பார், தக்காளிச் சட்னி. வீட்டுக்காரருக்கு மூன்று தோசை, பிடித்த சட்னியோடு. பையனுக்குப் பொடி தூவிச் சின்னச் சின்னதாக இரண்டு, பக்கத்தில் தயிர். மகளுக்குக் கீரை வேண்டாம், அவள் தொடுகிற காய் ஒன்று சாம்பாரில் இருந்தால் போதும். மாமியாருக்கு அதே மாவில் இரண்டு இட்லி, அந்தச் சாம்பாரிலேயே ஊறவைத்து. அடுப்பு ஒன்று, மாவு ஒன்று, சாம்பார் ஒன்று. மூன்று மாதம் இப்படி இருந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

"எங்கள் பையனுக்கு 7 வயது. காய் என்றாலே வாயை இறுக மூடிக்கொள்கிறான். போனைக் கையில் கொடுத்தால்தான் நாலு வாய் இறங்குகிறது. காயை அரைத்து மறைத்துக் கொடுக்கலாமா?"
- வாசகி, மதுரை

கொடுங்கள், தப்பில்லை. பரங்கிக்காயை வேகவைத்து மசித்துச் சாம்பாரில் கரைப்பதும் கேரட்டைத் துருவி அடைமாவில் கலப்பதும் வீட்டில் எல்லோருக்குமே நல்லது. ஆனால் மறைத்தே கொடுத்துக்கொண்டிருந்தால் அவன் சாம்பாருக்குப் பழகுவான், பரங்கிக்காய்க்குப் பழக மாட்டான். அதனால் கண்ணுக்குத் தெரிகிற காய் ஒரு துண்டாவது தினமும் தட்டோரத்தில் இருக்கட்டும். அவன் அதைச் சாப்பிட வேண்டியதில்லை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சாப்பிட வேண்டும், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, அவ்வளவுதான். ஒரு குழந்தை புதுக் காய் ஒன்றை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறை கூட அதைப் பார்த்து, தொட்டு, நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது குழந்தைகளின் சாப்பாட்டைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. நாமோ மூன்றாம் நாளே "இவனுக்கு இது பிடிக்காது" என்று வருகிற விருந்தாளியிடமெல்லாம் அவன் எதிரிலேயே சொல்லிவிடுகிறோம்.

எலின் சாட்டர் என்று அமெரிக்காவில் ஓர் உணவியல் நிபுணர், பிள்ளைகளின் சாப்பாட்டுச் சண்டைக்கு அவர் சொன்ன வழியை நான் பல வீடுகளில் பரிந்துரைத்திருக்கிறேன். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதெல்லாம் பெற்றோர் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு. நம் வீடுகளில், அதுவும் பாட்டி இருக்கிற வீடுகளில், இரண்டாவது பாதி கஷ்டம், எனக்குத் தெரியும். "வயிறு காயுமே" என்று கிண்ணத்தோடு பின்னால் ஓடத்தான் தோன்றும். அதற்குத்தான் அவனுக்குப் பழகிய ஒன்று, தயிரோ வெறும் சோறோ பருப்போ, எந்த நாளும் தட்டில் இருக்கட்டும் என்கிறேன். பட்டினி கிடக்க மாட்டான், நீங்களும் தனியாகச் சமைக்க வேண்டாம். போன் வேண்டவே வேண்டாம். அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிற பிள்ளைக்கு என்ன சாப்பிட்டோம் என்பதும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. முதல் வாரம் அழுகை இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயங்களைச் சோதித்துப் பாருங்கள். ஒன்று பால். ஒரு நாளில் அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிற பிள்ளைக்குச் சாப்பாட்டில் பசி இருக்காது, இரும்புச் சத்தும் குறையும். இரண்டாவது, டியூஷன் முடிந்து வரும்போது பேக்கரியில் வாங்கித் தருகிற பஃப்ஸும் பிஸ்கட்டும். ஆறரை மணிக்கு அது போனால் எட்டு மணிக்கு எந்தக் காயும் ஜெயிக்காது. அந்த நேரத்துக்கு வேர்க்கடலையோ பழமோ சுண்டலோ கொஞ்சமாகக் கொடுங்கள்.

அப்புறம் காயைச் செய்கிற விதம். பல பிள்ளைகளுக்குப் பிடிக்காதது காயின் ருசி கூட இல்லை, அதன் கொழகொழப்பு. வெண்டைக்காயைக் கழுவித் துணியில் ஈரம் போகத் துடைத்துவிட்டு நறுக்குங்கள். அகலமான இரும்பு வாணலி, கால் கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய், நடுத்தரத் தீ. மூடக் கூடாது, உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும், அடிக்கடி கிளறவும் கூடாது. முதலில் நூல் நூலாக வரும், பயப்படாமல் விட்டுவிடுங்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நூல் அடங்கி ஓரங்கள் முறுகத் தொடங்கும், அப்போது உப்பும் கொஞ்சம் மிளகுப்பொடியும். இதைத் தட்டில் வைக்காமல் கையில் எடுத்துத் தின்ன விடுங்கள். பாகற்காய்க்கு இன்னும் சில வருடம் பொறுத்திருக்கலாம்.

எடையும் உயரமும் ஏறாமல் நின்றாலோ, நாலைந்து பொருட்களைத் தவிர எதையுமே தொடாமல் இருந்தாலோ, கெட்டியாக எதைக் கொடுத்தாலும் ஓங்கரித்தாலோ, நாள்பட்ட மலச்சிக்கல் இருந்தாலோ அது வெறும் அடம் அல்ல, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

"எனக்கு 45 வயது, 92 கிலோ. தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட், வீடு வந்து சேர ராத்திரி 11:30 ஆகும். வந்ததும் அகோரப் பசி. மனைவி மூடி வைத்திருப்பதையெல்லாம் முடித்துவிட்டு அப்படியே படுத்துவிடுகிறேன். சோறு இல்லாவிட்டால் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இல்லை. என்ன செய்ய?"
- வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

சோற்றை விட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். உங்கள் ராத்திரிச் சாப்பாடு ஷிப்டின் நடுவில் கிடைக்கும் இடைவேளையில் முடிந்துவிட வேண்டும். கேண்டீன் சாப்பாடு சரியாக இருந்தால் அதுவே போதும், இல்லாவிட்டால் டிபன் பாக்ஸ். மத்தியானம் வீட்டில் வைத்த குழம்பு, ஒரு டப்பா நிறையக் காய், இன்னொரு டப்பாவில் ஒரு கப் சோறு. முதலில் காயையும் முட்டை, மீன், பருப்பு என்று இருப்பதையும் பாதிக்கு மேல் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வையுங்கள். இந்த வரிசையில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும், சோறும் கொஞ்சத்திலேயே போதும் என்று தோன்றும்.

வீடு வந்ததும் எதுவும் சாப்பிடாதே என்றால் நீங்கள் நாலு நாள் கேட்பீர்கள், ஐந்தாம் நாள் சட்டியை எடுத்துவிடுவீர்கள். அதனால் பதினொன்றரை மணிக்கு ஒரு டம்ளர் மோரும் ஒரு கிண்ணம் சுண்டலும். காய்ந்த கொண்டைக்கடலை 50 கிராம் ஊறி வெந்தால் ஒரு நல்ல கிண்ணம் வரும், ஏறக்குறைய 10 கிராம் புரதம் அதில் இருக்கிறது. மனைவி அதை மாலையில் பிள்ளைகளுக்கும் சேர்த்தே செய்துவிடலாம், உங்கள் பங்கை எடுத்து வைத்தால் போதும். மழை நாளில் சுண்டலுக்குப் பதில் சூடாக ரசம், அதில் வெந்த பருப்பு இரண்டு கரண்டி. சாப்பிட்ட கையோடு படுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள், நெஞ்செரிச்சலும் குறையும்.

நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால் சாப்பாட்டு நேரத்தையும் அளவையும் மாற்றும் முன் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சில மருந்துகளோடு சாப்பாடு குறைந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும்.

"சாமை, வரகு, தினைக்கு மாறினால் எடை குறையுமா?"
- வாசகி, சேலம்

அதனால் மட்டும் குறையாது. நார்ச்சத்து அதிகம், சீக்கிரம் வயிறு நிறையும், கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. இதெல்லாம் சிறுதானியத்தைச் சாப்பிட நல்ல காரணங்கள். ஆனால் கலோரி என்று பார்த்தால் அரிசிக்கு அருகில்தான் நிற்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் ஒரு பகுதி 2025-ல் வெளியானது. இந்தியர்கள் சராசரியாக 62 சதவீதக் கலோரியை மாவுச்சத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ என்று மாற்றிக்கொள்வதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாக அவர்கள் காணவில்லை. அந்த இடத்தில் கொஞ்சம் பருப்பு, பால் வகைப் புரதம் வந்தால் பலன் இருந்தது. அதனால் வரகுப் பொங்கலில் நெய்யை ஊற்றிவிட்டு டயட் என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டுமானால் அரிசியோடு கால் பங்கு சாமை கலந்து வடியுங்கள், பெரிதாக வித்தியாசம் தெரியாது.

"என் மருமகள் எடை குறைக்கிறேன் என்று சமையலில் எண்ணெயே விடுவதில்லை. எல்லாம் வெந்த காய்தான். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் சாப்பிடாமல் எழுந்து போகிறார்கள், பத்து மணிக்கு நூடுல்ஸ் கேட்கிறார்கள். நான் சொன்னால் சண்டை வருகிறது. நீங்கள் சொல்லுங்கள்."
- ஒரு பாட்டி, மயிலாடுதுறை

அம்மா, இந்தப் பக்கத்தை மருமகளிடமும் காட்டுங்கள், இது இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். எண்ணெயைக் குறைக்க வேண்டும் என்று அவர் நினைப்பது சரி. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி, எந்த எண்ணெயானாலும், செக்கில் ஆட்டியதானாலும். ஆனால் ஒரேயடியாக நிறுத்துவது சரியில்லை. வளர்கிற பிள்ளைகளுக்குக் கொழுப்பு வேண்டும், கேரட்டிலும் கீரையிலும் இருக்கிற சத்து உடம்பில் சேரவும் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். ருசி இல்லாத சமையல் எத்தனை கலோரி மிச்சப்படுத்தினாலும் அதைப் பத்து மணி நூடுல்ஸ் தின்றுவிடும்.

நான் சொல்லும் கணக்கு, ஆளுக்கு மாதம் அரை லிட்டர், நெய், வெண்ணெய் எல்லாம் சேர்த்து. ஐந்து பேர் வீட்டுக்கு இரண்டரை லிட்டர். முதல் தேதி அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், மாதக் கடைசி வரை வரவேண்டும். வடை சுடுகிற நாள் வந்தால் சுடுங்கள், அந்த வாரம் மற்ற நாளில் கையை இழுத்துப் பிடியுங்கள். பல வீடுகளில் இருபதாம் தேதியே பாத்திரம் காலியாகும், அப்போதுதான் எவ்வளவு ஊற்றிக்கொண்டிருந்தோம் என்பது தெரியும்.

இரண்டாவது, உங்கள் கைப்பக்குவத்தை மருமகளுக்குக் கொடுங்கள். உங்கள் தலைமுறை தினமும் செய்த கூட்டு, மசியல், மோர்க்குழம்பு, ஆவியில் வேகவைத்த பருப்பு உருண்டைக் குழம்பு, இதைவிட நல்ல ராத்திரிச் சாப்பாட்டை எந்த டயட் புத்தகமும் சொல்லிவிட முடியாது. அரைக் கிலோ சுரைக்காய், 100 கிராம் பாசிப்பருப்பு, மஞ்சள்பொடி போட்டுக் குழைய வேகவையுங்கள். இரண்டு ஸ்பூன் தேங்காய், அரை ஸ்பூன் சீரகம், ஒரு பச்சை மிளகாய் அரைத்துக் கலந்து ஒரு கொதி. இறக்கின பிறகு ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து மேலே கொட்டுங்கள். அடியில் ஊற்றி வதக்குகிற எண்ணெயைவிடக் கடைசியில் தாளித்துக் கொட்டுகிற எண்ணெய்க்கு மணம் அதிகம், ஒரு ஸ்பூனே நாலு ஸ்பூனின் வேலையைச் செய்யும். பிள்ளைகளுக்கு இதைச் சோற்றில் பிசைந்து, அரை ஸ்பூன் நெய்யோடு. மருமகளுக்கு இரண்டு கிண்ணம் கூட்டு, அரைக் கப் சோறு.

"பெயர் வேண்டாம் அக்கா. ஒரு வருடத்தில் 6 கிலோ குறைத்திருக்கிறேன். இப்போது என் 15 வயது மகள் 'எனக்கும் தொப்பை' என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். உயரம் 158, எடை 52 கிலோ. ஒரு ஆப்பிளோடு படுத்துவிடுகிறாள். நான்தான் காரணமோ என்று பயமாக இருக்கிறது."
- வாசகி, சென்னை

உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். இந்த வயதில் கண்ணாடியும் போனும் தோழிகளும் உறவுக்காரர்களும் சேர்ந்து ஒரு பெண்ணிடம் அவள் உடம்பைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவள் உயரத்துக்கு 52 கிலோ நல்ல எடை, குறைக்க ஒன்றுமில்லை. அவளுக்கு வேண்டியது இரும்புச் சத்தும் கால்சியமும் புரதமும். மாதவிடாய் வருகிற, இன்னும் எலும்பு கெட்டிப்படுகிற வயது.

வீட்டில் சில பேச்சை மாற்ற வேண்டியிருக்கும். "இன்று இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டேன், நாளைக்குப் பட்டினி" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தை அவள் காதில் விழுகிறது. சாப்பிடும் இடத்தில் கிலோ, கலோரி, தொப்பை எதுவும் வேண்டாம், எடை பார்க்கும் மெஷினை உங்கள் பீரோவுக்குள் வையுங்கள். என் மகளுக்கும் பதினாலு வயதில் இப்படி ஒரு காலம் வந்தது. அறிவுரை எதுவும் அவளிடம் எடுபடவில்லை. சனிக்கிழமை ராத்திரி என்ன சமைப்பது என்பதை அவளிடமே விட்டேன், அவள் முட்டைப் பொரியலும் சப்பாத்தியும் செய்தாள், தான் செய்ததை எல்லோரும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அவளும் சாப்பிட்டாள். அதற்கே இரண்டு மாதம் ஆனது.

நீங்கள் இரண்டு மாதம் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் இருக்கின்றன. மாதவிடாய் தள்ளிப் போவது, தலைசுற்றல், முடி கொட்டுவது, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வது, மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவே மறுப்பது. இதில் எது இருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள், மனநல ஆலோசனை வேண்டும் என்று அவர் சொன்னால் தயங்காதீர்கள். திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு அவள் தட்டும் உங்கள் தட்டோடு சேர்த்துத் தினமும் போடப்படட்டும், அவள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

"தினமும் எடை பார்க்கிறேன், ஒரு நாள் குறைகிறது, மறுநாள் ஒரு கிலோ ஏறுகிறது. மனசு விட்டுப் போகிறது."
- வாசகி, ஈரோடு

தினமும் பார்க்காதீர்கள். முந்தின நாள் ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டிருந்தால் அந்த உப்புக்கு உடம்பில் நீர் நிற்கும், மாதவிடாய்க்கு முன்னும் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். அதெல்லாம் கொழுப்பு அல்ல. வாரத்தில் ஒரு நாள், காலையில் எழுந்து பாத்ரூம் போய் வந்ததும், வெறும் வயிற்றில் பாருங்கள். வாரம் அரைக் கிலோ குறைந்தால் நன்றாகவே போகிறது, கால் கிலோ என்றாலும் சந்தோஷப்படலாம். அதோடு தையல் டேப்பை எடுத்து மாதம் ஒருமுறை இடுப்பைச் சுற்றி அளந்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல், மெதுவாக வெளியே விட்டபடி அளக்க வேண்டும். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது எல்லை. மெஷின் அசையாமல் நிற்கிற மாதத்திலும் பல பேருக்கு டேப்பில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.